நல்லதொரு சர்வாதிகாரி கிடைத்தால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு பதிலுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைத்தான் வெவ்வேறு குரல்களில் கேட்கின்றன: ஆள்பவர் நல்லவராக இருந்துவிட்டால், அதிகாரம் முழுவதும் அவர் கையில் இருப்பதில் என்ன கெடுதல்? ஆகையால் இந்த இதழில் கிரிக்கெட், சினிமாக் கேள்விகளை ஒதுக்கிவைத்து, அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சுதந்திரம் பெற்றபோது நாம் சிங்கப்பூரை விட நல்ல நிலையில் இருந்தோம். அவர்களுக்கு ஒரு லீ குவான் யூ கிடைத்தார், நமக்குத் தேர்தல்கள் கிடைத்தன. நமக்கும் அப்படி ஒரு நல்ல சர்வாதிகாரி தேவை என்று நான் சொன்னால் மறுப்பீர்களா? – ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: லீயை முழுச் சர்வாதிகாரி என்பது பொருந்தாது, அவர் தவறாமல் தேர்தல் நடத்தினார். ஆனால் நீங்கள் விரும்புவது அவருடைய தேர்தல்களை அல்ல, அவருடைய பிரம்பை என்பது தெரிவதால், பிரம்பைப் பற்றியே பேசுவோம். 1959 முதல் 1990 வரை பிரதமராக இருந்த அவருடைய காலத்தில் ஊழல் குறைந்தது, வீடுகள் எழுந்தன, துறைமுகம் வளர்ந்தது. அதே காலத்தில்தான், 1963 பெப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட அரசியல்வாதிகளும் தொழிற்சங்கத்தினரும் விசாரணையின்றிக் கைது செய்யப்பட்டார்கள். 1966இல் பிடிக்கப்பட்ட சியா தை போ என்ற எதிர்க்கட்சிக்காரர், நீதிமன்ற விசாரணை எதுவும் இல்லாமலே, 1989 வரை தடுப்புக்காவலில் இருந்தார்.

இதில் நம்மவர் இருவரின் கதையும் அடங்கியிருக்கிறது. வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். இராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சரானார். அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசாத யாழ்ப்பாணத்தவர் குறைவு. அதே யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே. பி. ஜெயரெட்ணத்தைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. 1981 இடைத்தேர்தலில் வென்று, ஆளுங்கட்சி மட்டுமே பல ஆண்டுகள் அமர்ந்திருந்த பாராளுமன்றத்துக்குள் தனியொருவராக நுழைந்த அந்த வழக்கறிஞர், 1986இல் ஆசனத்தை இழந்தார். அவருக்கு எதிரான தீர்ப்புகள் பாரதூரமான அநீதி என்று, அப்போது மேன்முறையீடுகளைக் கேட்ட இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1988இல் கருத்துத் தெரிவித்தும் அவருக்குப் பொது மன்னிப்புக் கிடைக்கவில்லை. அவதூறு வழக்குகளின் நட்டஈட்டைக் கட்ட முடியாமல் 2001இல் வங்குரோத்தானவராக அறிவிக்கப்பட்ட பின்னர், முதுமையில் தம் புத்தகங்களைத் தாமே நடைபாதையில் நின்று விற்றார். நல்ல ஆட்சி என்ற கணக்கில் இராஜரத்தினத்தின் பக்கத்தை எழுதும்போது ஜெயரெட்ணத்தின் பக்கத்தையும் எழுதத்தான் வேண்டும்.

சிங்கப்பூர் எப்போது தன்னைத் திருத்திக்கொண்டது என்பதையும் பாருங்கள். பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பாடசாலை அனுமதியில் முன்னுரிமை தரும் திட்டத்தை லீயின் அரசாங்கம் 1984இல் கொண்டுவந்தது. படித்தவர்கள் கூடுதலாகப் பிள்ளை பெற வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்குகள் ஏறத்தாழ 13 சதவீதப் புள்ளிகள் சரிந்தன. மறு ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. எவ்வளவு கெட்டிக்காரரானாலும் அவருக்கு அவருடைய தவறைக் காட்டிக்கொடுத்தது, நீங்கள் வேண்டாமென்கிற அந்த வாக்குச் சீட்டுத்தான்.

இன்னொன்று, லீயைத் தேர்ந்தெடுத்துத் தரும் கடை எங்கும் இல்லை. கொங்கோவில் மொபுட்டு 1965இலும், உகண்டாவில் இடி அமீன் 1971இலும் ஒழுங்கை நிலைநாட்டப்போவதாகச் சொல்லித்தான் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் 1972இல் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்ததும் அதே பேச்சோடுதான். அமீனைக் கம்பாலா மக்கள் வீதியில் இறங்கி வரவேற்றார்கள். பத்துப் பேரில் ஒருவர் லீயாக அமைந்தால், மற்ற ஒன்பது பேரின் குடிமக்கள் நமக்குக் கடிதம் எழுதும் நிலையில் இருப்பதில்லை. மொரீசியஸை ஏன் எவரும் உதாரணம் காட்டுவதில்லை என்பதும் எனக்கு விளங்குவதில்லை. 1968இல் சுதந்திரம் பெறும்போது கரும்பைத் தவிர வேறு கதியில்லாத, பல இனங்கள் வாழும் தீவு அது. அரசாங்கங்களை வாக்குகளால் மாற்றிக்கொண்டே நம்மை விடப் பல மடங்கு செழித்திருக்கிறது. அதன் நாணயத்தாளில் தமிழும் இருக்கிறது. சிங்கப்பூரிலும் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. இங்கே லீ வேண்டுமென்று கேட்பவர்கள் அவருடைய அந்த ஒரு முடிவை மட்டும் கேட்பதாகக் காணோம்.

கேள்வி: நிரந்தரமாக வேண்டாம். ஐந்தே ஐந்து வருடத்துக்கு மட்டும் ஒருவரிடம் முழு அதிகாரத்தையும் கொடுத்து, நாடு திருந்தியதும் திருப்பி வாங்கிக்கொண்டால் என்ன? – ஒரு வாசகர், மருதானை

பதில்: 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்று வருடத்துக்கு மட்டும் என்றுதான் நிறைவேற்றப்பட்டது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அப்போது பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் பிறக்கும் வயதாகப் போகிறது.

கேள்வி: 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்ததை எல்லோரும் திட்டுகிறார்கள். மண்ணையும் மக்களின் சிறுநீரகத்தையும் காப்பாற்ற வேண்டுமென்பது நல்ல நோக்கந்தானே? நோக்கம் நல்லதாக இருந்தும் ஆட்சி ஏன் தோற்றது? – ஒரு வாசகி, வத்தளை

பதில்: உங்கள் கேள்வியை இந்த வாரத்தின் மிகச் சிறந்த கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கொடிய நோக்கத்தோடு செய்யப்பட்ட காரியங்களை வைத்து எதேச்சாதிகாரத்தைக் கண்டிப்பது எளிது, நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டதில்தான் அதன் உண்மையான குறைபாடு தெரியும். வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய் உண்மையானது, உர மானியத்தின் செலவும் உண்மையானது. இவற்றோடு அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்ததும் சேர்ந்துகொண்டது. ஜனாதிபதியின் தேர்தல் விஞ்ஞாபனத்தில் சேதன விவசாயத்துக்கு மாறுவதற்குப் பத்தாண்டு காலம் என்று சொல்லப்பட்டிருந்தது. ஆனால் 2021 மே மாதத்தில் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் மூலம் இறக்குமதி ஒரேயடியாக நின்றது. பத்தாண்டு ஒரு நாளாகச் சுருங்கியபோது அதைத் தடுக்கக்கூடிய இடம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. 2020 ஒக்டோபரில் நிறைவேறிய 20ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்துக்கு இருந்த கடிவாளங்களில் பலவற்றை ஏற்கெனவே அவிழ்த்துவிட்டிருந்தது.

விவசாய விஞ்ஞானிகள் சொல்லாமலில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கடிதம் எழுதினார்கள், சேதனப் பசளை தேவையான அளவுக்கு நாட்டிலேயே இல்லை என்று கணக்குக் காட்டினார்கள், தேயிலைத் துறையினர் விளைச்சல் விழும் என்று எச்சரித்தார்கள். அவர்களில் சிலர் அரசாங்கக் குழுக்களில் இருந்து நீக்கப்பட்டார்கள். மிஞ்சியிருந்தவர்கள், மேலே இருப்பவர் கேட்க விரும்புவதை அறிந்து பேசுபவர்கள். இறக்குமதி செய்ய ஏற்பாடான சீனச் சேதனப் பசளையில் தீங்கான பக்டீரியா இருப்பதாக நம் ஆய்வுகூடம் அறிக்கை தந்தது. கப்பல் கரையிறங்க முடியாமல் கடலிலேயே சுற்றியது. பசளை வராமலே 67 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்தின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தை விட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. அரிசியில் தன்னிறைவு கண்டதாகச் சொல்லிக்கொண்ட நாடு, டொலர் இல்லாத காலத்தில் அரிசியை இறக்குமதி செய்தது.

இதே வழுவின் மிகக் கொடிய வடிவத்தைச் சீனா 1958க்கும் 1962க்கும் இடையில் கண்டது. விளைச்சல் பெருகிவிட்டது என்று கீழிருந்து மேல்வரை பொய்க்கணக்குகள் போயின. அந்தக் கணக்கை நம்பி அரசு தானியத்தை அள்ளிச் சென்றது. கோடிக்கணக்கானோர் பட்டினியால் மாண்டார்கள். சுதந்திரமான பத்திரிகையும் போட்டித் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் ஏற்பட்டதில்லை என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டுவது இதனால்தான். அங்கே ஆள்பவர்கள் கூடுதலாக இரக்கமுள்ளவர்கள் என்பதல்ல காரணம். பசியின் செய்தி அவர்களுக்கு வந்து சேராமல் இருக்க முடியாது, வந்து சேர்ந்த பின் சும்மா இருந்தால் பதவி தங்காது.

ஆகவே, அம்மா, இரக்கம் இருந்ததா என்று கேட்பதோடு, இடித்துச் சொல்பவருக்கு மறுநாளும் வேலை இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எல்லாளனையும் அசோகனையும் படித்து வளர்ந்தவர்கள் நாம். அவர்களை எந்த வாக்காளர் தேர்ந்தெடுத்தார்? – ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை

பதில்: எவருமில்லை, ஐயா. அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன் நண்பருக்கும் பகைவருக்கும் ஒரே நீதி வழங்கினான் என்று அவனைத் தோற்கடித்தவரின் புகழ் பாடும் மகாவம்சமே சொல்கிறது என்றால், அது சாதாரண நற்சான்றிதழ் அல்ல. கன்றின் மேல் தேரேற்றிய மகனுக்கு மரண தண்டனை விதித்த கதையும், நீதி கேட்போர் அடிக்கக் கட்டியிருந்த ஆராய்ச்சி மணியும் அதில் வருகின்றன. ஆனால் அந்த மணியைக் கட்டியவனும் எல்லாளன், அதைக் கேட்டு எழுந்து வருவதா இல்லையா என்று முடிவு செய்பவனும் எல்லாளன். அடுத்து வருகிறவன் கயிற்றை அறுத்துவிட்டால் பசு எந்த வாசலுக்குப் போகும்?

அசோகனைப் பொறுத்தவரை ஒரு செய்தி உண்டு, பாடப்புத்தகங்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. கலிங்கப் போரில் ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை இலட்சம் பேர் நாடுகடத்தப்பட்டதையும் சொல்லி வருந்தும் 13ஆவது பாறைக் கல்வெட்டு, பேரரசின் பல மூலைகளில் செதுக்கப்பட்டது. கலிங்கத்திலேயே உள்ள தௌலியிலும் ஜௌகடாவிலும் அது இல்லை. அந்த இடத்தில், எல்லா மக்களும் என் பிள்ளைகள் என்று சொல்லும் வேறு கல்வெட்டுகள் இருக்கின்றன. பாதிக்கப்பட்டவர்களின் கண்ணில் படாமல் மன்னிப்புக் கேட்க முடிந்த வசதி எந்தத் தேர்தல்காரருக்கும் இலகுவில் கிடைப்பதில்லை. இவ்வளவுக்கும் அவன் உலகம் கண்ட நல்ல அரசர்களில் ஒருவன் என்பதை நான் மறுக்கவில்லை.

கேள்வி: யுத்தம் முடிந்த பின் கொழும்பு எவ்வளவு அழகானது! நடைபாதை, பூங்கா, சுத்தமான வீதி. கண்டிப்பான ஒருவர் இருந்ததால்தானே? அதையாவது ஒப்புக்கொள்ளுங்கள். – ஒரு வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: ஒப்புக்கொள்கிறேன். மாலையில் சுதந்திர சதுக்கத்தில் நடக்கும்போது எனக்கும் அது பிடித்தே இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபை 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட பின் வேலைகள் விரைந்தன என்பதும் உண்மை. அதே ஆண்டு மே மாதத்தில் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் இருந்த வீடுகள் இராணுவத்தினரும் பொலிஸாரும் சூழ்ந்து நிற்க இடிக்கப்பட்டன. பின்னர் வனாத்தமுல்லைப் பக்கத்துத் தொடர்மாடிகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் காணி உறுதி வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். நடைபாதையின் அழகு நடப்பவருக்குத் தெரியும். அதற்கு முன் அங்கே குடியிருந்தவர் எங்கே போனார் என்பதை நடப்பவரிடம் எவரும் சொல்வதில்லை.

உங்கள் பகுதிக்காரர்களுக்கு 2007 ஜூன் 7ஆம் திகதி மறந்திருக்காது. விடியுமுன் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை லொட்ஜுகளின் கதவுகள் தட்டப்பட்டன. வெளிநாட்டுக்குப் போக விசா எதிர்பார்த்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள், தக்க காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டு, கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். அதுவும் நகரின் பாதுகாப்புக்காக எடுத்த ‘கண்டிப்பான’ முடிவுதான். மறுநாளே ஓர் அடிப்படை உரிமை மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள். சில நாட்களில் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். மனுப் போடுவதற்கு ஓர் அமைப்பும் அதைக் கேட்பதற்கு ஒரு நீதிமன்றமும் அன்று இருந்தன.

எப்போதும் அப்படி வாய்ப்பதில்லை. கொவிட் காலத்தில், உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று வழிகாட்டியிருந்தும், 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளான குழந்தையும் அதில் அடங்கும். அப்போது மனுக்கள் விசாரணைக்கு எடுக்கப்படாமலே தள்ளப்பட்டன. அமைச்சரவையின் மன்னிப்பு 2024 ஜூலையில் வந்தது.

கேள்வி: ஜனநாயகம், ஜனநாயகம் என்கிறீர்கள். எங்கள் பாட்டனின் பிரசாவுரிமையைப் பறித்தது வாக்கெடுப்பில் வென்ற பாராளுமன்றந்தான். ஒரு நல்ல அரசன் இருந்திருந்தால் அதைச் செய்திருப்பானா? – ஹட்டனில் பிறந்து கொழும்பில் வேலை செய்யும் ஒரு வாசகர்

பதில்: உங்கள் கோபத்துக்குப் பதில் சொல்லாமல் இந்தப் பகுதியை முடித்தால் மற்ற எல்லாப் பதில்களும் பொய்யாகிவிடும். 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம், 1949இல் வாக்குரிமைப் பறிப்பு. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றும் மிஞ்சவில்லை. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டம் இயற்றலாகாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்லியும், 1953இல் பிரிவிக் கவுன்சில் அந்தச் சட்டங்களை ரத்துச் செய்யவில்லை. 1956இல் தனிச்சிங்களச் சட்டமும் கையுயர்த்தி நிறைவேற்றியதுதான். தலைகளை எண்ணுவது மட்டும் ஜனநாயகம் என்றால், எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு அது பெரும்பான்மையின் எதேச்சாதிகாரமே; இதில் உங்களோடு நான் முரண்படவில்லை.

ஆனால் அதற்கு மருந்து இன்னும் பலமான ஆட்சி என்று சொல்வதானால், அந்த மருந்தையும் இந்த நாடு குடித்துப் பார்த்திருக்கிறது. தமிழ் அரச ஊழியர் கோடீஸ்வரனின் வழக்கின் மூலம் தனிச்சிங்களச் சட்டத்தை மீண்டும் நீதிமன்றத்தில் உரைத்துப் பார்க்க 1969இல் பிரிவிக் கவுன்சில் வழி திறந்தது. 1972 அரசியலமைப்பு 29ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. 1977இல் 168 ஆசனங்களில் 140 ஒரே கட்சிக்குப் போயின. 1978இல் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது. திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களைத் தம் உறுப்பினர்களிடம் வாங்கி வைத்துக்கொண்ட ஜனாதிபதி, 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டினார். இதற்கு மேல் ஒரு பலமான ஆட்சியை இந்தத் தீவு அதுவரை கண்டதில்லை. ஏழு மாதம் கழித்து வந்தது ஜூலை 83. கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது அந்தப் பலம் எவரையும் காக்கவில்லை. அடுத்த மாதமே வந்த, பிரிவினையை நிராகரித்துச் சத்தியம் செய்யக் கோரிய ஆறாவது திருத்தத்தின் மூலம் தமிழ்ப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள்.

நல்ல அரசனைக் கேட்டீர்கள். பூட்டானின் நான்காவது மன்னர் மக்களின் மகிழ்ச்சியையே நாட்டின் செல்வமாக அளக்க வேண்டும் என்று சொல்லி உலகப் புகழ் பெற்றவர். அதிகாரத்தைத் தாமாகவே விட்டுக்கொடுத்துத் தேர்தலுக்கு வழிசெய்தவர் என்பதும் அவருக்குச் சேர வேண்டிய பெருமை. அவருடைய ஆட்சியில்தான், 1985இன் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் 1958இல் நாட்டில் வசித்ததற்கான அத்தாட்சியைக் காட்டும்படி தெற்கில் வாழ்ந்த நேபாளி மொழி பேசுவோர் கேட்கப்பட்டார்கள். உங்கள் பாட்டனிடம் கேட்ட அதே கேள்வி. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நேபாளத்து முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இருபது வருடமளவில் காத்திருந்தும் சொந்த ஊர் திரும்ப வழியில்லாமல், 2007க்குப் பின் பெரும்பாலானவர்கள் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியேற்றப்பட்டார்கள்.

மலையகத்துக்கு நேர்ந்தது இதற்குச் சற்றும் குறைந்த கொடுமையல்ல. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தார்கள். ஆயினும் எஞ்சியிருந்தவர்கள் தொழிற்சங்கம் அமைக்க முடிந்தது, வேலைநிறுத்தம் செய்ய முடிந்தது, கிடைத்த வாக்குகளைப் பேரம் பேசப் பயன்படுத்த முடிந்தது. 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றவர் என்ற நிலையை அகற்றின. அரை நூற்றாண்டு தாமதம் என்பது உங்கள் பாட்டனுக்கு எந்த ஆறுதலும் அல்ல. பூட்டானின் தென்பகுதியினருக்கு அந்தத் தாமதமான கதவும் இருக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் ஜனாதிபதி முறையை ஒழித்தால் எல்லாம் சரியாகுமா? – ஒரு கல்லூரி மாணவி, தெஹிவளை

பதில்: எல்லாம் சரியாகாது, 1948உம் 1956உம் பிரதமர் ஆட்சியில் நடந்தவை. ஆனால் 18ஆவது திருத்தத்தில் ஜனாதிபதியின் கட்டுகளைத் தளர்த்தி, 19இல் இறுக்கி, 20இல் மறுபடி தளர்த்தி, 21இல் மறுபடி ஓரளவு இறுக்கி என்று 2010க்கும் 2022க்கும் இடையில் நாம் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால், ஆளுக்கேற்ப அரசியலமைப்பைத் தைத்துக்கொள்ளும் பழக்கத்தையாவது விட வேண்டும் என்பது தெரியும். இந்த முறையை ஒழிப்போம் என்ற வாக்குறுதி 1994 முதல் மேடையேறி வருகிறது. அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை 2024 நவம்பரில், 225இல் 159 ஆசனங்களாக, அதே வாக்குறுதியைத் தந்த ஓர் அரசாங்கத்துக்குக் கிடைத்தது. அதற்குப் பின் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். எப்போது என்ற உங்கள் அடுத்த கேள்வியை எனக்கு எழுதுவதை விட, உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பாருங்கள்; பதில் வந்தால் இந்தப் பகுதியில் அப்படியே பிரசுரிக்கிறேன்.